ஏற்காட்டில் பார்த்தது காட்டு ப்ளூபெர்ரிதானா? பறித்துத் தின்னலாமா?

கேள்வி கேட்டவர் சேலத்துக்காரர். விடுமுறையில் குடும்பத்தோடு ஏற்காடு போயிருக்கிறார். நாகலூர் போகும் வழியில், காபித் தோட்டத்து ஓரத்தில், ஆள் உயரப் புதர் ஒன்றில் கருநீலப் பழங்கள் கொத்துக் கொத்தாக இருந்தன. பழத்தின் நுனியில் சின்னதாக ஒரு கிரீடம். செல்போன் செயலியில் படம் பிடித்துப் பார்த்தால் 'ப்ளூபெர்ரி' என்று வந்திருக்கிறது. எட்டு வயது மகள் அதற்குள் இரண்டு பழத்தை வாயில் போட்டுவிட்டாள். துவர்க்கிறது என்று கொட்டையைத் துப்பியிருக்கிறாள். ஒரு பழத்துக்கு ஒரே கொட்டைதான். மூன்று நாள் ஆகிறது, பிள்ளை நன்றாக இருக்கிறாள். இது காட்டு ப்ளூபெர்ரிதானா, அடுத்த முறை பறித்துத் தின்னலாமா, காட்டுப் பழத்தை எப்படி அடையாளம் கண்டு பத்திரமாகச் சாப்பிடுவது என்று கேட்கிறார்.

முதலில் பிள்ளை விஷயம். மூன்று நாளில் வாந்தி, வயிற்றுப்போக்கு, மயக்கம் எதுவும் இல்லை, சாப்பாடும் சிறுநீரும் வழக்கம்போல இருக்கின்றன என்றால் அந்த இரண்டு பழத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இனிமேல் கண் மஞ்சளாவது, சிறுநீர் குறைவது, காரணமில்லாமல் சோர்ந்து படுப்பது போல ஏதாவது தெரிந்தால் மட்டும் மருத்துவரிடம் போய் இந்தப் பழத்தைப் பற்றியும் சேர்த்துச் சொல்லுங்கள். ஆனால் ஒன்றும் ஆகவில்லை என்பதை வைத்து 'அப்படியானால் அது நல்ல பழம்' என்ற முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இரண்டே இரண்டு பழம், கொட்டையைத் துப்பியாயிற்று. இவ்வளவுதான் நமக்குத் தெரியும். அடுத்த முறை நாலு பிள்ளைகள் சேர்ந்து ஆளுக்கு ஒரு கை தின்றால் கணக்கே வேறு.

இப்போது பழம். நீங்கள் பார்த்தது ப்ளூபெர்ரி இல்லை. படத்தைப் பார்க்காமலேயே இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது என்றால், அதற்குக் காரணம் உங்கள் மகள் துப்பிய அந்தக் கொட்டை. ப்ளூபெர்ரியை வாயில் போட்டுத் துப்புவதற்கு ஒன்றுமே இருக்காது. அதன் விதைகள் அத்தனை பொடிசு. ஒரு பழத்துக்குள் பல விதைகள் சதையோடு சதையாகக் கலந்து கிடக்கும், கடிக்கும்போது நாக்குக்குச் சரியாகத் தட்டுப்படக்கூடச் செய்யாது. உள்ளே ஒற்றைக் கொட்டை உருண்டால் அது வேறு குடும்பத்துப் பழம்.

ப்ளூபெர்ரி என்பது வாக்சினியம் என்ற இனத்துச் செடி. அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில் உள்ள மைன் மாநிலத்திலும் அதை ஒட்டிய கனடாப் பகுதிகளிலும் தானாக விளைவதைத்தான் காட்டு ப்ளூபெர்ரி என்கிறார்கள். அது முழங்கால் உயரம்கூட வராத குட்டைச் செடி. மண்ணுக்கடியில் தண்டு ஓடி ஓடி நிலம் முழுக்கப் பரவும், ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் பழுக்கும். நம்மூர் சூப்பர் மார்க்கெட்டில் சின்னப் பிளாஸ்டிக் டப்பாவில் விற்பது அதன் உயரமான உறவு. நியூ ஜெர்சியில் எலிசபெத் வைட் என்ற பெண்மணியும் ஃபிரெடரிக் கோவில் என்ற தாவரவியலாளரும் சேர்ந்து காட்டுச் செடிகளிலிருந்து பொறுக்கி எடுத்துப் பண்படுத்திய வகை அது. முதல் விளைச்சல் சந்தைக்கு வந்தது 1916-ல். ஐரோப்பியக் காடுகளில் விளைவது பில்பெர்ரி. பழத்தை நறுக்கினால் ப்ளூபெர்ரியின் உள்சதை வெளிர்பச்சையாக இருக்கும், பில்பெர்ரி உள்ளேயும் கருஞ்சிவப்பாக இருந்து நாக்கையும் கையையும் கறையாக்கிவிடும்.

இந்தச் செடிகளுக்கு இரண்டு பிடிவாதம் உண்டு. ஒன்று, நல்ல அமில மண், அதாவது பி.எச். 4-க்கும் 5.5-க்கும் நடுவில். இன்னொன்று, குளிர். வட அமெரிக்க வகைகள் பூக்க வேண்டுமென்றால் 7 டிகிரிக்குக் கீழே பல நூறு மணி நேரம் உறங்கி எழ வேண்டும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம்தான், மார்கழியில் ஸ்வெட்டர் போடுகிற குளிர் வருமே தவிர அந்தக் குளிர் வராது. குளிர் அதிகம் கேட்காத வகைகளையும் உருவாக்கியிருக்கிறார்கள், தொட்டியில் வைத்து வளர்ப்பவர்களும் உண்டு. ஆனால் தோட்டத்து ஓரத்தில் யாரும் நடாமல் தானாக வளர்ந்து நிற்கிற செடி அது கிடையாது. வாக்சினியம் இனத்து நம்மூர்ச் சொந்தங்களைப் பார்க்க ஆசையாக இருந்தால் நீலகிரி, பழனி மலைச் சோலைகளுக்குப் போக வேண்டும். அங்கே தின்னக்கூடிய பழம் தரும் வகைகள் உண்டு, அவற்றில் ஒன்றின் அறிவியல் பெயரிலேயே நீலகிரி இருக்கிறது.

சரி, அப்படியானால் செயலி ஏன் ப்ளூபெர்ரி என்றது? அந்தக் கிரீடம்தான் காரணமாக இருக்கும். இணையத்தில் எங்கே படித்தாலும் 'நுனியில் ஐந்து முனைக் கிரீடம் இருந்தால் ப்ளூபெர்ரி' என்று முதல் அடையாளமாகச் சொல்வார்கள். அது தப்பில்லை, ஆனால் அது அந்த ஊர்க் காட்டுக்காகச் சொன்னது. கிரீடம் என்பது பூவின் புல்லிவட்டம் உதிராமல் பழத்தின் தலையில் தங்கிவிடுவதுதான். பூவுக்குக் கீழே சூல்பை இருக்கும் செடி எதுவாக இருந்தாலும் இது நடக்கலாம். மாதுளையின் கிரீடத்தைப் பாருங்கள். கொய்யாவின் அடியில் காய்ந்த ஓலைத் துண்டுகளாக ஒட்டிக்கொண்டிருப்பதும் அதுவே. உங்கள் புதருக்குப் பக்கத்திலேயே நின்ற காபிச் செடியில் ஒரு பழத்தைத் திருப்பிப் பார்த்திருந்தால் அதன் நுனியிலும் தொப்புளாக ஒரு வட்டம் தெரிந்திருக்கும். பாவட்டை, வெட்சி என்று காபியின் உறவுக்காரச் செடிகள் பலவற்றிலும் சின்னக் கருப்புப் பழமும் நுனியில் வட்டமும் உண்டு. மாமரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவியின் பழத்தில்கூட உண்டு. ஆக, கிரீடம் இல்லாவிட்டால் அது ப்ளூபெர்ரி இல்லை என்று தள்ளிவிடலாம், கிரீடம் இருப்பதால் ப்ளூபெர்ரி என்று சேர்த்துக்கொள்ள முடியாது.

பழத்தின் மேல் வெண்ணீலப் பொடி படிந்திருந்ததா என்பதையும் யோசித்துப் பாருங்கள். ப்ளூபெர்ரிக்கு அப்படி ஒரு மெழுகுப்பூச்சு உண்டு, விரலால் தேய்த்தால் அழிந்து உள்ளே கருநீலம் பளபளக்கும். காபித் தோட்டத்து ஓரத்தில் இந்த அடையாளத்தை நம்பவே கூடாது. காபி இலையில் துரு நோய் வராமல் இருக்க மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையைத் தெளிப்பார்கள். அது காய்ந்தால் இலையிலும் காயிலும் வெண்ணீலப் பூச்சாகத்தான் நிற்கும். வேலியோரச் செடி என்ன செடியாக இருந்தாலும் அந்தத் தெளிப்பு அதன் மேலும் விழுந்திருக்கும். நல்ல பழமே ஆனாலும் தோட்ட எல்லையில் நிற்பதைப் பறிக்காதீர்கள் என்று நான் சொல்வதற்கு இதுதான் பெரிய காரணம்.

நீங்கள் சொன்ன அடையாளங்களை வைத்துப் பார்த்தால் என் ஊகம் காயா. காசா என்றும் சொல்வார்கள். ஆள் உயரப் புதர், கொத்தாகக் கருநீலப் பழம், நுனியில் வட்டக் கிரீடம், துவர்ப்பு, ஒற்றைக் கொட்டை எல்லாம் அதற்குப் பொருந்துகின்றன. காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைச் சொல்கிறோமே, அந்தக் காயாம்பூ பூக்கும் செடி இதுதான். கோடையை ஒட்டி, இலைக்கக்கத்திலும் பழைய கிளையிலும் ஊதா கலந்த நீலப் பூக்கள் மொய்த்துக்கொண்டு வரும், முழுப் புதரும் நீலமாகிவிடும். பழம் முதலில் பச்சை, பிறகு மஞ்சளும் சிவப்புமாக மாறி, கடைசியில் கருநீலம். இலையைத்தான் நன்றாகப் பார்க்க வேண்டும். எதிரெதிராக இரண்டிரண்டு இலை, தோல் போலத் தடிப்பாக இருக்கும். நடு நரம்பு மட்டும் தெளிவாகத் தெரியும், பக்க நரம்புகள் தேடினாலும் கண்ணுக்கு அகப்படாது. பக்கத்தில் காபி இலையை வைத்துப் பார்த்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். காபி இலையில் பக்க நரம்புகள் பள்ளம் பள்ளமாக இறங்கி, விளிம்பு நெளிந்து நெளிந்து இருக்கும். ப்ளூபெர்ரி இலையோ எதிரெதிராக வராது, மாற்றி மாற்றி ஒவ்வொன்றாக வரும்.

காயாப் பழம் விஷமில்லை. நன்றாகக் கறுத்த பழத்தைத் தின்கிற வழக்கம் உண்டு. சதை கொஞ்சம், துவர்ப்பு அதிகம். ஆனாலும் இது என் ஊகம்தான் என்பதை மறந்துவிடாதீர்கள். கேட்டு எழுதிய வரிகளை வைத்து யாரும் ஒரு பழத்தைத் தின்னச் சொல்லக் கூடாது, நானும் சொல்லவில்லை. அடுத்த முறை அந்தப் புதரிடம் போனால் இலையின் முன்பக்கம், பின்பக்கம், இலை கிளையில் சேரும் இடம், குறுக்கே நறுக்கிய பழம் என்று தனித்தனியாகப் படம் எடுத்து வாருங்கள். பழத்தை மட்டும் படம் எடுத்துக் கொடுத்தால் செயலியும் தடுமாறும், ஆளும் தடுமாறுவார்.

இதில்தான் எனக்குச் சொல்ல வேண்டியது இருக்கிறது. நிறையப் பேர் பழத்திலிருந்து தொடங்குகிறார்கள். கருப்பு உருண்டை, நீல உருண்டை என்று பார்த்தால் ஏற்காடு இருக்கும் சேர்வராயன் மலையில் பத்துப் பதினைந்து செடி ஒன்று போலவே தெரியும். செடியிலிருந்து தொடங்குங்கள். இலை எதிரெதிராகவா மாற்றியா, முள் உண்டா, ஒடித்தால் பால் வருகிறதா, கசக்கினால் என்ன வாசம், காம்பில் பச்சை இதழ் இருக்கிறதா, உள்ளே கொட்டை ஒன்றா பலவா. இந்த ஆறு கேள்விக்கும் பதில் தெரிந்த பிறகு பழத்தின் நிறத்துக்கு வாருங்கள்.

மலைப்பாதையில் அதிகம் கண்ணில் படுவது உண்ணிச்செடி. அடிவாரத்தில் ஆரம்பித்துக் கொண்டைஊசி வளைவுகள் நெடுகவும் அதுதான் நிற்கிறது. அமெரிக்க வெப்பமண்டலத்துச் செடியான அதை அழகுக்காகக் கொண்டுவந்து நட்டார்கள், இன்று காட்டையே விழுங்கிக்கொண்டிருக்கிறது. நாலு பட்டைத் தண்டு, சின்ன முள், சொரசொரப்பான இலை, கசக்கினால் மூக்கில் ஏறும் வாசம். மஞ்சள், ஆரஞ்சு, இளஞ்சிவப்பு எல்லாம் ஒரே கொத்தில் பூக்கும். பழம் மிளகு அளவில் கொத்தாக, கருநீலமாக மின்னும், ஒற்றைக் கொட்டை. நன்றாகப் பழுத்ததைக் கிராமத்துப் பிள்ளைகள் தின்பார்கள், இது ஊரறிந்த விஷயம். பச்சைக் காய் அப்படியில்லை. பச்சைக் காயைத் தின்று பிள்ளைகளுக்கு விஷம் ஏறியது மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கிறது. இலையை மேய்ந்த மாடு கல்லீரல் கெட்டு, காமாலை வந்து, வெயில் பட்ட தோல் வெடித்துச் சாகும். ஒரே கொத்தில் பழமும் காயும் கலந்து இருக்கிற செடி இது, சின்னப் பிள்ளை பார்த்துப் பிரித்துத் தின்னாது. எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு நான் இதைத் தின்ன விடுவதில்லை, உங்களுக்கும் அதையே சொல்வேன்.

அடுத்து களா. மலையைச் சுற்றிய வறண்ட காட்டில், பாறை இடுக்கில், ஆட்டுக்காரர்கள் போகிற தடத்தில் நிறைய இருக்கும். இலை எதிரெதிர், ஜோடி ஜோடியாகக் கூர்முள், பழம் சிவந்து பிறகு கறுக்கும். பறித்தவுடன் காம்பில் வெள்ளையாகப் பால் சொட்டும். விரலில் ஒட்டினால் பிசுபிசுவென்று போகவே போகாது. காயில் ஊறுகாய், பழுத்தால் அப்படியே தின்னலாம், அருமையான பழம். ஆனால் களாவும் அரளியும் ஒரே குடும்பம் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். பால் வருகிற செடியைத் தொடாதே என்று பெரியவர்கள் சொல்வது சும்மா இல்லை, களா அதற்கு ஒரு விலக்கு. பாலும் ஜோடி முள்ளும் சேர்ந்து, இலையும் எதிரெதிராக இருந்து, ஊர்க்காரர் ஒருவரும் களா என்று சொன்னால்தான் அது களா. முள் இல்லாமல் பால் வடிந்தால் கையைக் கழுவிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். முள்ளும் பாலும் இருந்து சதைப்பற்றான தண்டாக இருந்தால் அது கள்ளி.

சூரைப்பழத்தையும் சொல்ல வேண்டும். கொக்கி முள்ளால் மற்ற செடிகளின் மேல் ஏறிப் படரும். இலையைத் திருப்பினால் அடியிலிருந்தே மூன்று நரம்பு பிரிந்து போகும், அது இலந்தைக் குடும்பத்து முத்திரை. பட்டாணி அளவு, மினுமினுக்கும் கருப்பு, புளிப்பும் இனிப்பும். பயமில்லாமல் தின்னலாம், சட்டைதான் கிழியும்.

மணத்தக்காளியை உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, கொங்குப் பக்கம் சுக்குட்டிக்கீரை. நன்றாகக் கறுத்த பழம் தின்னலாம். பச்சைக் காயைப் பச்சையாக அள்ளித் தின்னக் கூடாது, சோலனைன் என்கிற நச்சு காயில்தான் அதிகம். 'அப்படியானால் மணத்தக்காளி வத்தல்?' என்று கேட்பீர்கள். வத்தல் பச்சைக் காய்தான், சரி. அது உப்பு மோரில் ஊறி, வெயிலில் காய்ந்து, எண்ணெயில் பொரிந்து, ஒரு குடும்பத்துக் குழம்பில் ஒரு கைப்பிடி விழுகிறது. பிள்ளை செடியிலிருந்து உருவித் தின்பது அந்தக் கணக்கில் வராது. இந்தப் பழத்தில் பச்சை இதழ் காம்புப் பக்கம் இருக்கும், நுனி வழவழப்பாக இருக்கும். ப்ளூபெர்ரிக்கு நேரெதிர். தக்காளி, கத்தரி, ஊமத்தை எல்லாவற்றிலும் இப்படித்தான். ஆங்கிலக் குறிப்புகளில் பயமுறுத்துகிற பெல்லடோனாவும் இதே குடும்பம், அதிலும் காம்புப் பக்கம் பச்சை நட்சத்திரமாக இதழ் விரிந்திருக்கும். அது ஐரோப்பியக் காட்டுச் செடி, ஏற்காட்டில் தேட வேண்டாம்.

கருப்புத் திராட்சை போல மினுமினுக்கும் பழத்தோடு மூன்று மூன்று இலையாக வேலியில் ஏறும் கொடி ஒன்று உண்டு, பிரண்டையின் உறவு. கடித்தால் வாயும் தொண்டையும் ஊசி குத்துவதாக அரிக்கும். ஊசிதான் அது. சுண்ணாம்பு ஆக்சலேட்டு படிகங்கள் நுண்ணிய ஊசிகளாகப் பழத்துக்குள் அடுக்கி இருக்கின்றன. கொடியில் பற்றுக்கம்பி இருந்தால் கை வைக்காதீர்கள்.

இவை எல்லாம் ப்ளூபெர்ரி போலத் தெரிகிறவை. உயிரைப் பறிக்கக்கூடியவை வேறு, அவை ப்ளூபெர்ரி போல இருக்கவே இருக்காது. ஆனாலும் மலைக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இவற்றைத்தான். குன்றிமணி, வேலியில் காய்ந்த நெற்றுக்குள் சிவப்பும் கருப்புமாகத் தெரியும். பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைக்கிறோமே, அதேதான். முழுசாக விழுங்கினால் ஓடு கெட்டி என்பதால் பெரும்பாலும் அப்படியே வெளியே போய்விடும், மென்றுவிட்டால் ஆபத்து. பொன்னரளி, மஞ்சள் பூவும் பச்சைக் காயும். காய் பழுத்தால் கறுக்கும், உள்ளே இருக்கும் கொட்டை இதயத் துடிப்பைக் குலைக்கும். ஒடுவன், ஒடுவந்தழை என்று இந்த வட்டாரத்தில் எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள், இலை முதல் காய் வரை விஷம், மாற்றுமருந்து கிடையாது. காட்டாமணக்கு வேலிக்கு வைப்பது, அதன் பருப்பை முந்திரி என்று நினைத்துத் தின்னும் பிள்ளைகள் வாந்தியும் பேதியுமாக வருவது நம் மாநிலத்தில் அடிக்கடி நடக்கிறது. ஊமத்தை முள்ளுக்காய் எல்லோருக்கும் தெரியும். எட்டி, ஆரஞ்சு நிறத்தில் அழகாகப் பழுக்கும். 'எட்டி பழுத்தென்ன' என்று பழமொழியே இருக்கிறது, இருந்தும் பழத்தை நேரில் பார்த்து அடையாளம் தெரிந்தவர்கள் குறைந்துவிட்டார்கள்.

எட்டியை வைத்தே இன்னொரு நம்பிக்கையையும் பேசிவிடலாம். 'குருவி கொத்தினால் நாமும் தின்னலாம், குரங்கு தின்றால் நாமும் தின்னலாம்' என்று படித்தவர்களே சொல்கிறார்கள். எட்டிப் பழத்தை இருவாச்சி தின்னும். உண்ணிப்பழத்தைக் கொண்டைக்குருவி நாள் முழுக்கத் தின்னும், அதே செடியை மேய்ந்த மாடு செத்துப்போகும். பறவை சதையைத் தின்று விதையை உடைக்காமல் கழித்துவிடுகிறது, அதன் உடம்பும் வேறு. ருசி பார்த்துத் தெரிந்துகொள்ளலாம் என்பதும் அப்படித்தான். விஷம் கசக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை, பெல்லடோனா பழம் இனிக்கும். கொஞ்சம் நாக்கில் வைத்து, சற்று நேரம் காத்திருந்து, பிறகு ஒன்று தின்று பார்ப்பது என்று ஒரு முறையை வீடியோக்களில் காட்டுகிறார்கள். சில விஷங்கள் தின்று பல மணி நேரம் கழித்துத்தான் தலைகாட்டும், மறுநாள் தலைகாட்டுவதும் உண்டு. காட்டில் மாட்டிக்கொண்டு பட்டினி கிடப்பவனுக்குச் சொன்ன வழியை, பையில் புளிசாதத்தோடு சுற்றுலா வந்தவர் ஏன் பின்பற்ற வேண்டும்?

தின்பது என்று முடிவானால், சேர்வராயன் மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்களிடம் கேளுங்கள். எந்தப் பழம் எந்த மாதம், எது காயில் ஆகாது, எதன் கொட்டையைக் கடிக்கக் கூடாது என்பதெல்லாம் தலைமுறையாக அவர்களுக்குத் தெரிந்தது. மஞ்சக்குட்டை, வாழவந்தி, நாகலூர் ஊர்களில் பெரியவர் ஒருவரிடம் "அய்யா, இது தின்னலாங்களா?" என்று கிளையோடு காட்டிக் கேட்டால் தெரிந்ததைச் சொல்வார்கள். தெரியாவிட்டால் தெரியாது என்றே சொல்வார்கள், அந்தத் தெரியாதை மதியுங்கள். ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் தோட்டம் இருக்கிறது, ஆர்க்கிட் தோட்டம் என்று போய்ப் பார்த்திருப்பீர்கள். செடிகளை நிதானமாகப் பார்த்துப் பழகப் பிள்ளைகளோடு போக நல்ல இடம். ஒரு பயணத்தில் ஒரு பழத்தைத் தெரிந்துகொண்டால் போதும். களாவை இந்த வருடம், சூரையை அடுத்த வருடம். பூவிலும் காயிலும் பழத்திலும் ஒரு செடியைப் பார்த்திருந்தால் பிறகு அது எந்த வேடத்தில் நின்றாலும் தெரியும்.

முதல் தடவை தின்னும் பழம் எதுவானாலும் இரண்டு மூன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நல்ல பழமே சிலருக்கு ஒத்துக்கொள்ளாது. இரண்டு புதுப் பழத்தை ஒரே நாளில் தின்னாதீர்கள், ஏதாவது ஆனால் எதனால் என்று தெரியாமல் போகும். தரையில் கிடப்பது, கடிபட்டது, வெடித்தது எதுவும் வேண்டாம். வௌவால் கடித்த பழத்தில் என்ன வரும் என்பதை 2018-ல் கேரளத்தில் நிபா வந்தபோது எல்லோரும் பேசினோம். தண்ணீர் பாட்டிலிலிருந்து ஊற்றியாவது கழுவுங்கள். ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைக்கு உருண்டைப் பழத்தை முழுசாகக் கொடுக்காமல் நறுக்கிக் கொடுங்கள், விஷத்தைவிடத் தொண்டையில் சிக்குவதுதான் அந்த வயதில் பெரிய பயம். கொட்டையை மெல்ல வேண்டாம் என்பதைப் பொது விதியாகவே சொல்லிக்கொடுக்கலாம்.

எங்கே பறிக்கிறோம் என்பதும் முக்கியம். ஏற்காட்டில் சாலையோரம் தெரிகிற பசுமையில் பெரும்பகுதி தனியார் எஸ்டேட், மிச்சத்தில் பெரும்பகுதி காப்புக்காடு. 1820-களில் கலெக்டராக இருந்த காக்பர்ன் காபியைக் கொண்டுவந்து நட்டதிலிருந்து எல்லைக்கல் போட்ட மண் இது. காப்புக்காட்டில் நாம் நுழைந்து பறிக்க முடியாது. காட்டின் சிறுவிளைபொருளைச் சேகரிக்கும் உரிமையை 2006-ம் வருட வன உரிமைச் சட்டம் அங்கே வாழும் பழங்குடி மக்களுக்குக் கொடுத்திருக்கிறது, நமக்கு அல்ல. காட்டெருமை வேறு தோட்டத்துக்குள் நடமாடுகிறது. பழத்தைப் பார்த்துக்கொண்டே புதருக்குள் போகிறவர் அதைக் கவனிக்க மாட்டார். பழங்குடி மக்கள் சேகரித்துக் கூடையில் விற்பதை வாங்குவதுதான் நேர்மையானதும் பத்திரமானதும்.

கடைசியாக, பிள்ளை தெரியாத எதையாவது தின்றுவிட்டால் என்ன செய்வது என்பது. வாயில் மிச்சம் இருப்பதைத் துப்பச் சொல்லித் தண்ணீரால் கொப்பளிக்க வையுங்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். உப்புத் தண்ணீர், சோப்புத் தண்ணீர், சாணிக் கரைசல் என்று நம் ஊரில் ஊற்றுகிற எதையும் ஊற்றாதீர்கள். அது நுரையீரலுக்குள் போனால் பழம் செய்யாத கேட்டை அது செய்துவிடும். தின்ற நேரம், எத்தனை பழம், மென்றாளா விழுங்கினாளா என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். இலையும் பழமும் உள்ள கிளை ஒன்றை ஒடித்து ஒரு கவரில் போடுங்கள், மருத்துவருக்கு அதைவிடப் பெரிய உதவி இல்லை. 108-ஐ அழையுங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய விஷத் தகவல் மையத்துக்கு 1800 116 117 என்ற இலவச எண் உண்டு, இரவிலும் எடுப்பார்கள், மருத்துவரும் அங்கே கேட்டுக்கொள்ளலாம். ஏற்காட்டிலேயே அரசு மருத்துவமனை இருக்கிறது, முதலில் அங்கே போய்விட்டுப் பிறகு அவர்கள் சொல்கிறபடி கீழே சேலம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு இறங்குங்கள். முப்பது கிலோமீட்டர்ச் சொச்சம்தான், ஆனால் இருபது கொண்டைஊசி வளைவில் வாந்தி எடுக்கிற பிள்ளையோடு இறங்குவது லேசான காரியம் இல்லை. பிள்ளை நன்றாக விளையாடிக்கொண்டிருக்கிறாள் என்பதற்காகக் காத்திருக்காதீர்கள். அரளிக் கொட்டையும் குன்றிமணியும் முதல் சில மணி நேரத்துக்கு ஒன்றும் காட்டாமல் இருக்கக்கூடும்.

உங்கள் மகளுக்குப் பழம் பறிக்கும் ஆசை இருக்கிறது என்று தெரிகிறது. ஆடியில் நாவல் மரத்தடிக்குக் கூட்டிப் போங்கள். நீளவாக்கில் கருநீலப் பழம், ஒற்றைக் கொட்டை, நுனியில் சின்ன வட்டம், தின்றபின் நாக்கெல்லாம் ஊதா. இலையைக் கசக்கினால் வரும் மாவிலை போன்ற வாசத்தையும் முகர்ந்து பார்க்கச் சொல்லுங்கள். அந்த ஆறு கேள்வியையும் முதலில் அந்த மரத்திடம் அவளே கேட்டுப் பழகட்டும்.